வழிகாட்டும் குரலின் கடைசி ஒரு மீட்டர்

தலைக்கு மேலே 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளிலிருந்து கிளம்பும் ரேடியோ அலை, காரின் டாஷ்போர்டில் மாட்டியிருக்கும் போனை வந்தடைய ஏறத்தாழ 0.067 நொடி ஆகிறது. ஒரு நொடியைப் பதினைந்தாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அதே போன் "இடதுபுறம் திரும்பவும்" என்று சொல்லும்போது, அந்தக் குரல் ப்ளூடூத் வழியாகக் கதவிலுள்ள ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர 0.15 முதல் 0.25 நொடி வரை ஆகலாம். விண்வெளியிலிருந்து வந்த தொலைவைக் காட்டிலும் வண்டிக்குள் இருக்கும் கடைசி ஒரு மீட்டருக்குத்தான் அதிக நேரம் பிடிக்கிறது.

அந்தக் கடைசி ஒரு மீட்டரைப் பற்றியது இந்த அத்தியாயம். செயற்கைக்கோளின் அணுக் கடிகாரம், பூமியைச் சுற்றும் பாதை, நிலையைக் கணக்கிடும் கணிதம் எல்லாமே வியப்புக்குரியவை. ஆனால் அவை கண்டுபிடித்துத் தரும் விடை ஓட்டுபவரின் காதில் உரிய நேரத்தில், தெளிவாக விழ வேண்டும். விழாவிட்டால் அத்தனை ஏற்பாடும் வீண்.

கார் ஸ்டீரியோவை வடிவமைத்தவர்கள் அதைப் பாட்டுக்காகவும் வானொலிக்காகவும் செய்தார்கள். வழிகாட்டும் குரல் என்று ஒன்று வரும் என்பது அவர்கள் கணக்கிலேயே இல்லை. அதனால் அந்தக் குரல் ஸ்டீரியோவுக்கு ஏற்கெனவே பழக்கமான வேறொன்றின் வேடத்தைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டியிருந்தது. முதலில் கேசட்டாக, பிறகு வானொலி நிலையமாக, அதன்பின் தொலைபேசி அழைப்பாக. சொந்த முகத்தோடு வருவதற்கு அதற்கு இடம் கிடைத்தது கடைசியில்தான். ஒவ்வொரு வேடமும் எப்படி வேலை செய்தது, எங்கே கலைந்தது என்று பார்த்தால், இன்று நம் வண்டியில் குரல் ஏன் சில நேரம் கேட்கிறது, சில நேரம் கேட்பதில்லை என்பதும் விளங்கிவிடும்.

கண்ணின் வேலை காதுக்கு

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. திரையில் மேப்பை இரண்டு நொடி பார்த்துவிட்டு நிமிர்ந்தால், 44 மீட்டர் சாலையைப் பார்க்காமலேயே ஓட்டியிருக்கிறோம். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2013-இல் கார் கருவிகளுக்கான நெறிமுறைகளை வெளியிட்டபோது, சாலையிலிருந்து கண்ணை எடுக்கும் ஒவ்வொரு பார்வைக்கும் இரண்டு நொடி, ஒரு வேலைக்கு மொத்தமாக 12 நொடி என்று அளவு வைத்தது. காதுக்கு இப்படி ஓர் அளவு தேவைப்படவில்லை. கண் சாலையில் இருக்கும்போதே காதால் இன்னொரு செய்தியை வாங்கிக்கொள்ள முடியும்.

இதை ஆரம்பத்திலேயே முறையாக ஆராய்ந்தவர்கள் எம்.ஐ.டி. மீடியா லேபைச் சேர்ந்த ஜிம் டேவிஸும் கிறிஸ் ஷ்மான்ட்டும். 1989-இல் அவர்கள் உருவாக்கிய ‘பேக் சீட் டிரைவர்’, பாஸ்டன் பகுதித் தெருக்களில் ஓடும் காருக்குக் கணினிக் குரலில் வழி சொன்னது. அப்போது ஜி.பி.எஸ். முழு அளவில் செயல்பாட்டுக்கு வந்திருக்கவில்லை. அது 1995-இல்தான் நடந்தது. வண்டி எவ்வளவு தூரம், எந்தத் திசையில் போயிருக்கிறது என்று கணக்கிட்டு, அதை வரைபடத்தோடு பொருத்தி இடத்தைக் கண்டறிந்தார்கள். இடத்தைக் கண்டுபிடிப்பதைப் போலவே, எப்போது பேசத் தொடங்க வேண்டும் என்பதும் அவர்களுக்குக் கடினமான கேள்வியாக இருந்தது.

காரணம் எளிது. எழுதிய சொல் அதே இடத்தில் நிற்கும். பேசிய சொல்லுக்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க மூன்று நொடி. ஓட்டுபவர் அதைப் புரிந்துகொண்டு, கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, வேகத்தைக் குறைக்க இன்னும் சில நொடிகள். 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி என்பது 67 மீட்டர். அதே வாக்கியத்தை நெரிசலில் 20 கிலோமீட்டர் வேகத்தில் கேட்டால் 17 மீட்டர்தான். ஆகவே வேகத்தையும் வாக்கியத்தின் நீளத்தையும் கணக்கில் எடுத்துத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். இன்று நாம் மேப் போட்டு ஓட்டும் ஒவ்வொரு முறையும் பின்னணியில் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

சென்னையின் கத்திப்பாரா சந்திப்பை எடுத்துக்கொள்வோம். க்ளோவர் இலை வடிவ மேம்பாலம் அது. இத்தகைய சந்திப்பில் வலப்பக்கச் சாலைக்குப் போக வேண்டியவரும் இடப்பக்கமாகத்தான் பிரிய வேண்டும். குறுக்குச் சாலைக்கு முன்னால் பிரியும் இடது கிளை நேரே இடப்பக்கச் சாலைக்குக் கொண்டுபோகும். அதைத் தாண்டியதும் பிரியும் இடது வளைவு வட்டமடித்து வலப்பக்கச் சாலையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். இரண்டுமே "இடது". 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒருவருக்கு அந்தக் கட்டளை நான்கு நொடி முந்திக் கேட்டால், அது 56 மீட்டர் முந்திக் கேட்டதாகும். முதல் கிளையில் இறங்கிவிட இந்த நான்கு நொடி போதும். குரல் சொன்னது சரி. காதில் விழுந்த நேரம் தவறு.

போனின் ஸ்பீக்கர் ஏன் போதாது?

போனிலேயே ஸ்பீக்கர் இருக்கும்போது ஸ்டீரியோ எதற்கு என்று கேட்கலாம். போனுக்குள் இருக்கும் ஸ்பீக்கரின் அதிரும் சவ்வு மிகச் சிறியது. ஆழமான ஒலியை எழுப்ப நிறையக் காற்றை அசைக்க வேண்டும். அந்தச் சவ்வால் அது முடியாது. ஆகவே மனிதக் குரலின் கனமான அடிப்பகுதி கரைந்துபோய், மெல்லிய மேல்பகுதி மட்டுமே வெளியே வருகிறது.

நெடுஞ்சாலையில் ஓடும் சாதாரணக் காரின் உள்ளே 65 முதல் 70 டெசிபெல் இரைச்சல் இருக்கும். டயர் சாலையில் உரசுவது, எஞ்சின், கண்ணாடியில் மோதும் காற்று ஆகியவற்றின் கலவை அது. அதன் வலு பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. பேச்சைப் புரிய வைக்கும் மெய்யெழுத்து ஒலிகள் இதற்கு மேலே இருப்பதால் தப்பித்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் காதின் அமைப்பு வேறு மாதிரி. உட்செவியில் இருக்கும் காக்ளியா என்ற நத்தைச் சுருளுக்குள், உயர்ந்த அதிர்வெண்கள் நுழைவாயிலுக்கு அருகிலும் தாழ்ந்தவை சுருளின் கடைசியிலும் உணரப்படுகின்றன. தாழ்ந்த ஒலி கடைசிக்குப் போவதற்கு வாயிலைக் கடந்தாக வேண்டும். அது பலமாக இருந்தால், போகும் வழியில் உயர்ந்த ஒலிகளுக்கான பகுதியையும் அசைத்துவிட்டுப் போகிறது. ஆகவே பலமான தாழ்ந்த இரைச்சல் தனக்கு மேலே இருக்கும் ஒலிகளையும் மறைக்கும். உயர்ந்த ஒலி தாழ்ந்ததை அவ்வளவாக மறைப்பதில்லை. டயர் இரைச்சல் பேச்சை விழுங்குவது இப்படித்தான்.

இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. போனும் ஸ்டீரியோவும் ஒன்றையொன்று அறியாதவை. போன் வழி சொல்லத் தொடங்கும்போது பாட்டைக் குறைக்க வேண்டும் என்பது ஸ்டீரியோவுக்குத் தெரியாது. ஆகவே தேவைகள் இரண்டு: பெரிய ஸ்பீக்கர் வேண்டும், குரல் பேசும்போது பாட்டு விட்டுக்கொடுக்கவும் வேண்டும். முதல் இரண்டு வேடங்கள் முதல் தேவையை மட்டும்தான் நிறைவேற்றின.

கேசட் வேடம்

கேசட் ப்ளேயரின் தலைப்பகுதியில் சின்னஞ்சிறு மின்காந்தம் ஒன்று இருக்கிறது. நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் நாடா அதை உரசிக்கொண்டு போகும்போது, நாடாவில் பதிந்த காந்தப்புலம் மாறிக்கொண்டே போகிறது. அந்த மாற்றம் மின்காந்தத்தின் சுருளில் மின்னோட்டமாகிறது. அதைப் பெருக்கினால் பாட்டு. இங்கே கவனிக்க வேண்டியது, அந்தத் தலைக்கு நாடாவைத் தெரியாது என்பது. மாறும் காந்தப்புலம் மட்டுமே அதற்குத் தெரியும்.

1980-களில் வந்த கேசட் அடாப்டர் இதைத்தான் பயன்படுத்திக்கொண்டது. கேசட் வடிவப் பிளாஸ்டிக் உறைக்குள் நாடா கிடையாது. ப்ளேயரின் தலைக்கு நேர் எதிரே உட்காரும்படி இன்னொரு தலை இருக்கும். உறையிலிருந்து ஒரு மெல்லிய கம்பி வெளியே வந்து சிடி ப்ளேயரிலோ ஜி.பி.எஸ். கருவியிலோ செருகப்படும். குரலின் மின்துடிப்பு கம்பி வழியே வந்து, அடாப்டரின் தலையில் காந்தப்புலமாக மாறி, எதிரே இருக்கும் தலையில் மறுபடி மின்துடிப்பாகும். இரண்டு தலைகளும் தொட்டுக்கொண்டு நின்றாலே போதும். எதுவும் ஓட வேண்டியதில்லை.

ஆனாலும் இந்த அடாப்டர்களுக்குள் பல்சக்கரங்கள் வைத்திருந்தார்கள். கேசட் சுற்றாமல் நின்றுவிட்டால் நாடா முடிந்துவிட்டது என்று ப்ளேயர் நினைத்து, நின்றுவிடும் அல்லது மறுபக்கத்துக்கு மாறிவிடும். நாடா ஓடுவதாக அதை நம்ப வைக்கவே அந்தச் சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. வழி சொல்லும் குரலோடு சேர்ந்து அவற்றின் கரகரப்பும் காதில் விழுந்தது. ஒலி நன்றாகவே வந்தது. ஆனால் கேசட் இடத்தை அடாப்டர் பிடித்துக்கொண்டபின் வானொலி கேட்க முடியாது. கூடவே பாட்டும் வேண்டுமென்றால் பாட்டும் குரலும் ஒரே கருவியிலிருந்து வர வேண்டும். அமெரிக்காவில் தொழிற்சாலையிலேயே கேசட் ப்ளேயர் பொருத்தி விற்ற கடைசிக் கார்களில் ஒன்று 2010 மாடல் லெக்ஸஸ் எஸ்.சி. 430. அதோடு இந்த வேடத்துக்கான மேடையும் போய்விட்டது.

வானொலி வேடம்

2000-களின் நடுவில் டாம்டாம், கார்மின் நிறுவனங்களின் கையடக்க ஜி.பி.எஸ். கருவிகள் கண்ணாடியில் ஒட்டிவைக்கும் பொருளாகப் பரவின. அவற்றில் சில மாடல்களுக்குள் குட்டி எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் இருந்தது. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் காலியாக இருக்கும் ஓர் அலைவரிசையில் கருவி வழி சொல்லும். கார் ரேடியோவை அதே அலைவரிசைக்குத் திருப்பினால் கதவு ஸ்பீக்கர்கள் பேசும். கம்பியும் வேண்டாம், கேசட் ப்ளேயரும் வேண்டாம்.

இந்த நிலையத்தின் வலு மிக மிகக் குறைவு. குறைவாக இருக்க வேண்டும் என்பதே சட்டம். அமெரிக்காவில் மூன்று மீட்டர் தள்ளி அளந்தால் மின்புலம் மீட்டருக்கு 250 மைக்ரோவோல்ட்டைத் தாண்டக் கூடாது. பிரிட்டனில் 2006 டிசம்பர் வரை இத்தகைய டிரான்ஸ்மிட்டருக்கே அனுமதியில்லை. அதன்பின் 50 நேனோவாட் வரை அனுமதித்தார்கள். ஒரு வாட்டை இரண்டு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் 50 நேனோவாட். நகரத்து எஃப்.எம். நிலையங்கள் ஆயிரக்கணக்கான வாட்டில் ஒலிபரப்புகின்றன.

எஃப்.எம். ரிசீவருக்கு ஒரு குணம் உண்டு. ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் வந்தால் இரண்டையும் கலந்து கேட்க வைக்காது. எது சற்று வலுவானதோ அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை ஏறத்தாழ முழுவதும் தள்ளிவிடும். பண்பலை தெளிவாகக் கேட்பதற்கு இந்தக் குணமும் ஒரு காரணம். ஆனால் 50 நேனோவாட்டில் பேசும் கருவிக்கு இதுவே எமனானது. 91.1, 92.7, 93.5, 98.3, 106.4 என்று நிலையங்கள் அடுக்கடுக்காக இருக்கும் சென்னையைப் போன்ற நகரத்தில் காலியிடம் தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்தாலும் அது அந்த ஊருக்கு மட்டும்தான். நெடுஞ்சாலையில் அடுத்த நகரத்தை நெருங்கும்போது அதே அலைவரிசையில் அங்குள்ள நிலையம் தலைகாட்டும். கொஞ்ச நேரம் குரலும் பாட்டும் மாறி மாறிக் கேட்கும். பிறகு பாட்டு மட்டுமே. வழி தெரியாத புது ஊருக்குள் நுழையும் நேரத்தில், குரல் மிகவும் தேவைப்படும் நேரத்தில், இந்த வேடம் கலைந்தது.

கம்பி நேராக வந்தபோது

அடுத்து வந்த ஆக்ஸ் கேபிள் வேடம் எதையும் போடவில்லை. 3.5 மில்லிமீட்டர் பின்னைப் போனில் ஒரு முனை, ஸ்டீரியோவில் மறுமுனை என்று செருகினால் ஒலி நேரே போகும். தாமதம் இல்லை, தரமும் குறையாது. ஆனால் பலருடைய வண்டியில் இதனுடன் ஒரு விசில் சத்தம் சேர்ந்து வந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் விசிலின் சுருதி ஏறும். காலை எடுத்தால் இறங்கும்.

அந்த விசில் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு கணக்கில் கண்டுபிடிக்கலாம். நிற்கும் வண்டியில் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெல்ட்டின் மூலம் ஆல்டர்னேட்டர் இரண்டரை மடங்கு வேகமாக, அதாவது 2,000 சுற்று சுழலும். நொடிக்கு 33 சுற்றுக்கும் சற்று அதிகம். பல ஆல்டர்னேட்டர்களில் 12 காந்த முனைகள் உண்டு. ஆகவே ஒரு சுற்றுக்கு ஆறு மின் அலைகள். நொடிக்கு 200. மூன்று ஃபேஸ் மின்சாரத்தை டையோடுகள் நேர்மின்சாரமாக மாற்றும்போது, ஒவ்வோர் அலைக்கும் ஆறு சிறு மேடுகள் எஞ்சி நிற்கும். 200-ஐ ஆறால் பெருக்கினால் 1,200 ஹெர்ட்ஸ். எஞ்சின் 3,000 சுற்றுக்கு ஏறினால் அது 4,500 ஹெர்ட்ஸ். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியிலேயே அந்தச் சத்தம் வந்து உட்காருகிறது.

ஆல்டர்னேட்டரின் இந்த மேடுகள் ஸ்டீரியோவுக்குள் நுழைய வழி வேண்டும். போனை 12 வோல்ட் சாக்கெட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டே ஆக்ஸ் கேபிளையும் செருகும்போது அந்த வழி திறக்கிறது. இப்போது போனிலிருந்து வண்டியின் உடலுக்கு இரண்டு எர்த் பாதைகள்: ஒன்று சார்ஜர் வழியாக, மற்றொன்று கேபிளின் வெளிக்கம்பி வழியாக. இரண்டு பாதைகளின் முனைகளுக்கும் இடையே சில மில்லிவோல்ட் வேறுபாடு இருந்தாலே வளையமாக ஒரு மின்னோட்டம் ஓடும். கேபிளில் வரும் குரலே ஒரு வோல்ட்டுக்கும் குறைவானது என்பதால் இந்த மில்லிவோல்ட்டுகள் தெளிவாகக் கேட்டுவிடும். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். விசில் நின்றுவிட்டால் காரணம் இதுதான். கடைகளில் கிடைக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டருக்குள் இருப்பது சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள். குரலைக் காந்தப்புலமாக மாற்றி அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, மின்பாதையை மட்டும் துண்டிக்கின்றன. கேசட் அடாப்டர் வேலை செய்த அதே இயற்பியல்.

விசில் தீர்ந்தாலும் இரண்டாவது தேவை தீரவில்லை. எஃப்.எம். கேட்டுக்கொண்டு போகும் ஒருவருக்கு ஆக்ஸ் கேபிளில் வரும் குரல் கேட்காது. ஸ்டீரியோ ஒரு நேரத்தில் ஒரு வாயிலைத்தான் திறந்து வைக்கும்.

குறுக்கிடும் உரிமை

ஒரு செய்திக்குப் பாட்டை நிறுத்தும் உரிமை உண்டு என்ற எண்ணம் இதற்கு வெகு முன்பே கார் ரேடியோவுக்கு வந்திருந்தது. 1974-இல் ஜெர்மனியில் ப்ளௌபுங்க்ட் நிறுவனம் உருவாக்கிய ஏ.ஆர்.ஐ. என்ற முறை நடைமுறைக்கு வந்தது. வானொலி நிலையம் தன் ஒலியோடு காதுக்கு எட்டாத 57 கிலோஹெர்ட்ஸ் துணை அலை ஒன்றையும் அனுப்பும். போக்குவரத்து அறிவிப்பு தொடங்கும்போது அந்தத் துணை அலையில் ஓர் அடையாளம் சேரும். அதைக் கண்டதும் கார் ரேடியோ, ஒலியைக் குறைத்து வைத்திருந்தாலோ கேசட் ஓடிக்கொண்டிருந்தாலோகூட, அறிவிப்பைக் கேட்க வைக்கும். முடிந்ததும் பழையபடி பாட்டு. பின்னர் ஐரோப்பா முழுவதும் பரவிய ஆர்.டி.எஸ். முறையும் இதே 57 கிலோஹெர்ட்ஸில் இதே உரிமையைத் தொடர்ந்தது.

இந்த உரிமை வானொலி நிலையத்துக்கு மட்டுமே இருந்தது. வண்டிக்குள் இருக்கும் ஒரு தனிக் கருவி தனக்காக அதைக் கேட்டு வாங்க வழியில்லை. ஆனால் அதே உரிமை பெற்ற இன்னொருவர் ஸ்டீரியோவுக்குத் தெரிந்திருந்தார்: தொலைபேசி. பல ஸ்டீரியோக்களின் பின்புறம் ‘மியூட்’ என்ற ஒரு கம்பி இருந்தது. கார் போன் பொருத்துபவர்கள் அதைப் போன் கிட்டோடு இணைப்பார்கள். அழைப்பு வந்தால் கிட் அந்தக் கம்பியை எர்த்தோடு சேர்க்கும், பாட்டு நின்றுவிடும். ப்ளூடூத் வந்ததும் இந்தக் கம்பியின் வேலையை ரேடியோ அலை எடுத்துக்கொண்டது. வழிகாட்டும் குரல் தன் மூன்றாவது வேடத்தை அங்கே கண்டது.

தொலைபேசி வேடம்

ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 79 தடங்களில் நொடிக்கு 1,600 முறை தாவித் தாவிப் பேசுகிறது. அதன் மூலம் காருக்கு ஒலி போக இரண்டு தனித்தனி வழிகள் உண்டு. ஒன்று பாட்டுக்கானது. ஒலியைச் சுருக்கி, பொட்டலங்களாக அனுப்பி, காரில் கொஞ்சம் சேமித்து வைத்துக்கொண்டு வாசிக்கும். தரம் நன்றாக இருக்கும், தாமதமும் இருக்கும். பாட்டுக்குத் தாமதம் ஒரு பொருட்டில்லை. மற்றொன்று அழைப்புக்கானது. இருவர் பேசிக்கொள்ளும்போது தாமதம் கூடாது என்பதால், ஒலியைக் குறுக்கி உடனுக்குடன் அனுப்பும். இதன் அடிப்படை வடிவம் நொடிக்கு 8,000 மாதிரிகள் மட்டுமே எடுக்கிறது. 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலான ஒலி எதுவும் அதில் போகாது. இந்த அழைப்பு வழிக்கு 2011-இல் வந்த 1.6 பதிப்பு 16,000 மாதிரிகளுக்கு வழி செய்தது.

பாட்டின் வழியில் வரும் குரலை, ஸ்டீரியோவில் ப்ளூடூத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் மட்டுமே கேட்க முடியும். நீங்கள் எஃப்.எம். கேட்டுக்கொண்டிருந்தால் போன் பேசும், கார் வாங்காது. மேப் சத்தமே வரவில்லை என்று பலர் தவிப்பதற்கு முதல் காரணம் இது. இதற்கு மாற்றாகச் சில வழிகாட்டும் செயலிகள், குரலை அழைப்பாக அனுப்பும் வசதியைத் தருகின்றன. போன் காரிடம் "அழைப்பு வந்திருக்கிறது" என்று சொல்லும், ஸ்டீரியோ எஃப்.எம்.மை நிறுத்தி வாயிலைத் திறக்கும், "300 மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்" என்று குரல் வரும், அழைப்பு துண்டிக்கப்படும், எஃப்.எம். திரும்பும். யாரும் யாரையும் அழைக்கவில்லை.

இரண்டு வழிகளுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. 0.2 நொடித் தாமதம் 80 கிலோமீட்டர் வேகத்தில் 4.4 மீட்டர்தான். திறந்த வெளியில் போனின் ஜி.பி.எஸ். பிழையே ஏறத்தாழ 5 மீட்டர் என்பதால் இதை ஒதுக்கிவிடலாம். உண்மையான பாதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. எந்த ஒலியும் போகாத நேரத்தில் ப்ளூடூத் அந்த வழியை மூடி வைக்கிறது. குரல் தொடங்கும்போது வழியைத் திறந்து, காரின் ஆம்ப்ளிஃபயரை விழிக்க வைத்து, பேச்சை அனுப்ப வேண்டும். அதற்குள் குரல் பேசத் தொடங்கிவிட்டால் முதல் அசைகள் போய்விடும். "வலதுபுறம் திரும்பவும்" என்பதிலும் "இடதுபுறம் திரும்பவும்" என்பதிலும் வேறுபடுவது முதல் இரண்டு எழுத்துகள் மட்டும். அவை போய்விட்டால் காதில் விழுவது "துபுறம் திரும்பவும்". முழு வாக்கியத்தில் மிக முக்கியமான துளி எதுவோ அதுதான் முதலில் தொலைகிறது.

இதனால்தான் பல செயலிகளும் கார்களும் பேச்சுக்கு முன்னால் ஒரு மணியோசையோ சிறு அமைதியோ வைக்கின்றன. அந்த மணி இரண்டு வேலை செய்கிறது. மூடிக்கிடந்த வழி திறக்கும் நேரத்தைத் தான் வாங்கிக்கொண்டு, பின்னால் வரும் சொல்லைக் காப்பாற்றுகிறது. ஓட்டுபவரின் கவனத்தையும் திருப்புகிறது.

சொந்த முகம்

இவ்வளவு வேடங்களையும் தேவையற்றவையாக்கிய மாற்றம், ஒலிக்குப் பெயர் சூட்டியதுதான். ஆண்ட்ராய்டில் இன்று ஒரு செயலி ஒலி எழுப்பும்போது, அது பாட்டா, அலாரமா, வழிகாட்டலா என்று இயங்குதளத்திடம் சொல்ல முடியும். வழிகாட்டலுக்கு என்றே தனி வகை இருக்கிறது. "கொஞ்ச நேரத்துக்கு மட்டும் இடம் கொடுங்கள், மற்றவர்கள் தணிந்து தொடரலாம்" என்று அந்தச் செயலி கேட்கும். ஆண்ட்ராய்டு 8 முதல், பாட்டுச் செயலி எதுவும் செய்யாவிட்டாலும் இயங்குதளமே பாட்டைத் தணித்துவிடுகிறது. தணிக்கும் அளவு 14 டெசிபெல். அலையின் உயரம் ஐந்தில் ஒரு பங்காகிறது. பாட்டு அறுந்துபோகாமல் அடியில் ஓடும். குரல் மேலே நிற்கும்.

ஓடிக்கொண்டிருப்பது பாட்டாக இல்லாமல் பேச்சாக இருந்தால் இந்த ஏற்பாடு உதவாது. 1953-இல் காலின் செர்ரி என்ற ஆய்வாளர் இரண்டு பேச்சுகளை ஒரே நேரத்தில் கேட்க வைத்துச் சோதித்தார். ஒரே குரலில் பேசிய இரண்டு செய்திகளைக் கலந்து இரு காதுக்கும் கொடுத்தபோது பிரித்தறியக் கேட்பவர்கள் பெரும்பாடுபட்டார்கள். ஒரு காதுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தபோது ஒன்றை எளிதாகப் பின்தொடர்ந்தார்கள். ஆனால் மற்றக் காதில் என்ன பேசப்பட்டது என்பது அவர்களுக்கு ஏறத்தாழ எதுவுமே தெரியவில்லை. நாம் ஒரு நேரத்தில் ஒரு பேச்சைத்தான் புரிந்துகொள்கிறோம். ஆகவே ஒலிப்புத்தகமோ பாட்காஸ்டோ ஓடும்போது அதைத் தணித்தால் போதாது, நிறுத்த வேண்டும். ஆண்ட்ராய்டு பேச்சு என்று பெயரிடப்பட்ட ஒலியைத் தானாகத் தணிப்பதில்லை. நிறுத்திக்கொள்ளும்படி அந்தச் செயலிக்கே தகவல் சொல்கிறது. ஐபோனிலும் பாட்டு என்றால் தணித்து, பேச்சு என்றால் நிறுத்தும் வசதி வழிகாட்டும் செயலிகளுக்கு உண்டு. செர்ரி கண்டறிந்த மனித இயல்பு இன்று மென்பொருளில் ஒரு விதியாக இருக்கிறது.

2014-இல் அறிவிக்கப்பட்ட கார்ப்ளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இந்தப் பெயரைக் காருக்கும் கொண்டுபோயின. பாட்டும் வழிகாட்டலும் போனிலேயே கலந்துவிடாமல் தனித்தனியாகக் காருக்குப் போக முடிகிறது. கலப்பதைக் காரே செய்கிறது. அதனால் எஃப்.எம். ஓடினாலும் குரல் அதன் மேல் வந்து பேசும். சில கார்கள் குரலை ஓட்டுபவரின் பக்க ஸ்பீக்கரில் மட்டும் ஒலிக்க விடுகின்றன. பாட்டு நாற்புறமும் பரவியிருக்க, குரல் ஒரே இடத்திலிருந்து வரும்போது, இரண்டு காதுகளும் சேர்ந்து அதைப் பிரித்தெடுப்பது எளிதாகிறது. பின்னால் தூங்கும் குழந்தைக்கும் தொந்தரவு குறைவு.

ஓட்டுபவர் செய்யக்கூடியது

உங்கள் வண்டியில் குரல் கேட்கவில்லை என்றால், அது எந்த வேடத்தில் வருகிறது என்று முதலில் பாருங்கள். வெறும் ப்ளூடூத் என்றால் ஸ்டீரியோ ப்ளூடூத்தில் இருக்கிறதா என்று சரிபாருங்கள், எஃப்.எம். விட மனமில்லை என்றால் செயலியின் அமைப்புகளில் குரலை அழைப்பாக அனுப்பும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். முதல் எழுத்துகள் விழுங்கப்பட்டால் பாட்டையும் போனிலிருந்தே ஓட விடுங்கள்; வழி திறந்தே இருக்கும், சொல் முழுதாக வரும். ஆக்ஸ் கேபிளில் விசில் அடித்தால் சார்ஜரைப் பிடுங்கிச் சோதியுங்கள்.

கார்ப்ளேயிலும் ஆண்ட்ராய்டு ஆட்டோவிலும் பலரும் தடுமாறுவது ஒலி அளவில். பாட்டுக்கு ஓர் அளவு, குரலுக்கு ஓர் அளவு என்று கார் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கும். பாட்டு ஓடும்போது குமிழைத் திருப்பினால் பாட்டின் அளவுதான் மாறும். குரலைக் கூட்ட வேண்டுமென்றால், குரல் பேசிக்கொண்டிருக்கும் அந்த மூன்று நொடிக்குள் குமிழைத் திருப்ப வேண்டும். எப்போதோ ஒரு நாள் அது பேசும்போது தெரியாமல் யாரோ குறைத்து வைத்திருந்தால், பாட்டை எவ்வளவு கூட்டினாலும் குரல் முனகலாகவே இருக்கும்.

நிற்கும் வண்டியில் சரியாகக் கேட்கும் குரல் நெடுஞ்சாலையில் போதாது என்பதையும் மனதில் வையுங்கள். மென்பொருள் பாட்டைத் தணிக்கும். டயரின் இரைச்சலைத் தணிக்க அதனால் முடியாது. வீட்டு வாசலில் கொஞ்சம் அதிகமாகத் தோன்றும் அளவுதான் 80 கிலோமீட்டரில் சரியாக இருக்கும். இதையெல்லாம் வண்டி நகர்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஓடும் வண்டியில் திரையைத் தொட்டுத் தொட்டு அமைப்புகளைத் தேடினால், இத்தனை பேர் பாடுபட்டுக் காதிடம் ஒப்படைத்த வேலை மறுபடி கண்ணின் தலையிலேயே விழுந்துவிடும்.